பழைய சிறு எஞ்சினின் எரிபொருள் பாதையைச் சீரமைத்தல்: கடலோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரையிலான ராமநாதபுரம் கடலோரத்தில், தென்னந்தோப்புக் கொட்டகையிலோ மல்லிகைப் பதியம் போடும் தோட்டத்து மூலையிலோ, பழைய பெட்ரோல்-மண்ணெண்ணெய் எஞ்சின் ஒன்று சாக்கு மூடிக் கிடப்பதை இன்றும் காணலாம். வில்லியர்ஸ், ஹோண்டா ஜி.கே. வரிசை போன்றவை ஒரு காலத்தில் கிணற்றுத் தண்ணீரை இறைத்தவை. மின்மோட்டார் வந்தபின் ஒதுக்கப்பட்டவை. அவற்றை மறுபடி ஓட்ட நினைப்பவர்களின் ஐயங்கள் ஊர் மாறினாலும் மாறுவதில்லை என்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பிஸ்டன், வால்வு, பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட் ஆகியவை பற்றிய செய்திகள் இதில் இல்லை. டேங்க் மூடியில் தொடங்கி, கார்பரேட்டருக்குள் எரிபொருளை அளந்துவிடும் ஜெட்டின் துளையில் முடியும் பாதை மட்டுமே இங்கு பேசப்படுகிறது.

எரிபொருள் பாதைன்னா கார்பரேட்டர் மட்டும்தானே?

இல்லை. டேங்க் மூடியிலுள்ள காற்றுத் துளை, டேங்க், அதன் அடியில் திறந்து மூடும் டேப், டேப்போடு சேர்ந்த சல்லடையும் கண்ணாடிக் கிண்ணமும், ரப்பர் டியூப், காற்றோடு எரிபொருளைக் கலக்கும் கார்பரேட்டரின் ஊசி வால்வு, அதன் கிண்ணத்தில் மிதந்து அந்த வால்வைத் திறந்து மூடும் ஃப்ளோட், ஜெட்கள் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே எரிபொருள் பாதை. இவ்வகை எஞ்சின்களில் பெட்ரோலைத் தள்ளிக் கொடுக்கப் பம்ப் கிடையாது. டேங்க் உயரத்தில் இருப்பதால் எரிபொருள் தானாகவே கீழிறங்கி வருகிறது. தள்ளும் விசை இவ்வளவு குறைவாக இருப்பதால், பாதையில் எங்கே சிறு தடை இருந்தாலும் எஞ்சின் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ரொம்ப வருஷமா கிடந்த எஞ்சின். கயித்தைச் சுத்தி இழுத்து ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துட்டு அப்புறம் கழட்டலாமா அண்ணே?

டேங்கில் இருப்பதைக் கொண்டு முயலக் கூடாது. அடியில் தங்கியிருக்கும் துருப்பொடியும் பிசினும் முதல் இழுப்பிலேயே ஜெட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஏற்கெனவே இருந்த ஒரு வேலை இரண்டாகிவிடும்.

எஞ்சினில் உயிர் இருக்கிறதா என்று தெரிந்துகொண்டே செலவு செய்ய வேண்டும் என்று நினைப்பது நியாயமானதே. அதற்கு வேறு வழி உண்டு. எஞ்சின் ஆயிலைப் பார்த்து, கையால் சுற்றி, தடையின்றிச் சுழல்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பிளக்கைக் கழற்றி, ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான புதுப் பெட்ரோலைச் சிலிண்டருக்குள் விட்டு, பிளக்கை மீண்டும் பூட்டி, சிந்தியதைத் துடைத்துவிட்டு இழுங்கள். நாலைந்து முறை வெடித்து நின்றால் பிளக்கில் தீப்பொறியும் சிலிண்டரில் அழுத்தமும் இருக்கின்றன, குறை எரிபொருள் பாதையில்தான் என்று பொருள். வெடிக்கவே இல்லை என்றால் இந்தப் பக்கத்திலுள்ள வேலைகளைத் தொடங்குமுன் மேக்னெட்டையும் வால்வுகளையும் ஒரு மெக்கானிக்கிடம் காட்டுவது நல்லது.

எல்லாரும் கார்பரேட்டரைக் கழட்டுன்னுதான் சொல்றாங்க. நீங்க ஏன் டேங்கைச் சொல்றீங்க?

கார்பரேட்டரில் சேரும் குப்பை பெரும்பாலும் டேங்கிலிருந்து வருவது. துருப்பிடித்த டேங்கை அப்படியே விட்டுக் கார்பரேட்டரைப் பளபளவெனத் துடைத்துப் பூட்டினால், அடுத்த வாரம் அதையே மறுபடி கழற்ற வேண்டியிருக்கும். டேங்க், டேப், டியூப், அதன் பின் கார்பரேட்டர் என்று எரிபொருள் ஓடும் திசையிலேயே வேலையும் போவதுதான் சரியான முறை. பட்டறைகளில் இதை மாற்றிச் செய்வதற்குக் காரணம், கார்பரேட்டரைக் கழற்ற இரண்டு நட்டு போதும், டேங்கைச் சுத்தம் செய்ய இரண்டு நாள் வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் இல்லை.

டேங்க்ல இன்னும் கொஞ்சம் பழைய பெட்ரோல் கிடக்கு. புதுசைக் கலந்து ஓட்டினா தீந்துராதா?

பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதிகள் முதலில் பறந்துவிடுகின்றன. எஞ்சியது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்லப் பிசினாக மாறுகிறது. கார்பரேட்டர்க் கிண்ணத்தின் அடியில் அது கருப்பட்டிப் பாகு போலப் படிந்திருப்பதைப் பல எஞ்சின்களில் பார்க்கலாம். நல்ல பெட்ரோலின் சுள்ளென்ற வாசனை போய்ப் பழைய வார்னிஷ் போலப் புளித்து நாறினால், அதைக் கலந்து காப்பாற்ற நினைக்க வேண்டாம்.

முழுவதையும் கண்ணாடிப் பாட்டிலில் வடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்காக நிற்பது தண்ணீர். செம்மண் நிறத்தில் படிவது துரு. டேங்கின் உட்புறம் எப்படி இருக்கும் என்பதை அந்தப் பாட்டிலே சொல்லிவிடும். வடித்த பெட்ரோலைத் தோட்டத்து மணலில் ஊற்றிவிடாதீர்கள். நம் கடலோர மணற்பாங்கில் நல்ல தண்ணீர், உவர்நீரின் மேல் மெல்லிய அடுக்காகத்தான் மிதக்கிறது. மணலில் ஊற்றியது நேரே அதில் போய்ச் சேரும். மூடியுள்ள கேனில் அடைத்து, கழிவு ஆயில் சேர்க்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

டேங்க் உள்ளே முழுக்கத் துரு. கக்கூஸ் கழுவுற ஆசிட் ஊத்தலாமா?

வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவைத் தின்னும் வேகத்திலேயே நல்ல தகட்டையும் தின்னும். ஏற்கெனவே மெலிந்திருக்கும் பழைய டேங்கில் ஊசித் துளைகளைத் திறந்துவிடும். அதன் ஆவி பட்ட இரும்புச் சாமான்களெல்லாம் மறுநாள் துருவேறி நிற்கும். தகட்டின் மடிப்புகளுக்குள் தங்கும் குளோரைடு, கடற்காற்று செய்யும் வேலையை உள்ளிருந்தே தொடரும்.

நான் பரிந்துரைப்பது மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம். முதலில் டேங்கிலிருந்து டேப், சல்லடை, மூடி ஆகியவற்றைக் கழற்றி எடுத்துவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரால் உட்புறத்தை நன்றாகக் கழுவ வேண்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் அமிலம் துருவைத் தொடாது. துரு ஏடு ஏடாக நின்றால் ஒரு கைப்பிடி சிறு நட்டுகளையோ துண்டுச் சங்கிலியையோ உள்ளே போட்டுக் குலுக்கி உதிர்க்கலாம். எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள். கடற்கரைச் சரளையையும் சிப்பியையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது, அவற்றில் உப்பு ஏறியிருக்கும். பிறகு லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் வரை எலுமிச்சை உப்பை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, டேப் இருந்த துளையை அடைத்துவிட்டுக் கழுத்து வரை நிரப்பி, வாயை இறுக மூடாமல் ஓர் இரவு வையுங்கள். காலையில் டார்ச் அடித்துப் பார்த்தால் தகடு மங்கிய சாம்பல் நிறத்தில் தெரிய வேண்டும். செந்நிறம் மிச்சமிருந்தால் கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பலாமே தவிர, அதே கரைசலில் நாட்கணக்கில் ஊறவிடக் கூடாது.

பழைய டேங்குகள் சிலவற்றின் உட்புறத்தில் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சு இருக்கும். உட்புறம் துருவில்லாமல் மந்தமான வெள்ளி நிறத்தில் இருந்தால் அமிலத்துக்கே வேலையில்லை. கழுவிக் காயவைத்தாலே போதும்.

கழுவி முடிச்ச மறுநாளே திரும்பவும் மஞ்சளாத் துரு வந்துருச்சே, ஏன்?

இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அமிலம் முழுவதும் நீங்கவில்லை. கரைசலைக் கொட்டியவுடன் லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி சமையல் சோடா கலந்த நீரை ஊற்றிக் குலுக்கினால் மீதமுள்ள அமிலம் செயலிழக்கும். மற்றொன்று நம் ஊருக்கே உரியது: கடைசிக் கழுவலைக் கிணற்றுத் தண்ணீரால் செய்வது. கடலோரக் கிணறுகள் பலவற்றின் நீரில் உப்பு இருக்கிறது. துருவை நீக்கிப் பச்சையாக நிற்கும் இரும்பின் மேல் அது பட்டால் காய்வதற்குள்ளேயே மஞ்சள் படரும். கடைசி இரண்டு கழுவலுக்காவது கேன் தண்ணீரையோ பிடித்து வைத்த மழைநீரையோ பயன்படுத்துங்கள்.

கழுவியவுடன் வெயிலில் கவிழ்த்து வைத்து, முடிந்தால் தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடான காற்றை உள்ளே செலுத்தி, சில நிமிடங்களிலேயே உலர்த்திவிட வேண்டும். டேங்கில் பெட்ரோல் வாடை சிறிதும் இல்லாதபோது மட்டுமே இந்த மின்கருவியை அருகில் கொண்டுவரலாம். உலர்ந்த கையோடு சிறிது டூ-டி ஆயிலை (டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் பெட்ரோலோடு கலப்பது) உள்ளே ஊற்றி எல்லாப் பக்கமும் புரட்டி வையுங்கள். அன்றே எரிபொருள் நிரப்பப் போவதில்லை என்றால் இந்த எண்ணெய்ப் பூச்சைத் தவிர்க்கவே கூடாது.

டேங்க் அடியில சின்ன ஓட்டை. வெல்டிங் பட்டறையில் கொடுத்து அடைச்சிரலாமா?

பெட்ரோல் இருந்த டேங்கில் நெருப்பு வைப்பது உயிரோடு விளையாடுவது. வெறும் டேங்க் என்று நினைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது, ஏனெனில் வெடிப்பது பெட்ரோலன்று, காற்றோடு கலந்த அதன் ஆவி. மடிப்புகளுக்குள் ஒட்டியிருக்கும் சில துளிகளே அதற்குப் போதும். இத்தகைய வேலையைத் தினமும் செய்கிற, டேங்கை வெந்நீராலும் சோப்பாலும் பலமுறை கழுவி, நீர் நிரப்பி வைத்துப் பற்றவைக்கத் தெரிந்த ஆளிடம் மட்டும் கொடுங்கள். ஊசித் துளை என்றால் வெல்டிங்கை விட ஈயப் பற்று நல்லது. மெல்லிய தகட்டில் வெல்டிங் சூடு ஓட்டையைப் பெரிதாக்கிவிடும்.

இரு பகுதிகளைக் கலந்து வெளியே பூசும் பசைகள் அவசரத்துக்கு உதவும், நிலைக்காது. டேங்கின் உட்புறத்தில் ஊற்றிப் படியவைக்கும் பூச்சுகளில், இன்றைய பெட்ரோலில் கலந்துவரும் எத்தனாலைத் தாங்கும் எப்பாக்சி வகையை மட்டும் எடுங்கள். தாங்காத வகை சில மாதங்களில் தோல் தோலாக உரிந்து சல்லடையை அடைக்கும். அதைச் சுரண்டி எடுப்பது துருவை எடுப்பதைவிடப் பெரும்பாடு.

டேப்புக்குக் கீழே கண்ணாடிக் கிண்ணம் இருக்கே, அது எதுக்கு? கசியுது, எடுத்துட்டு நேரா டியூப் போட்டுறவா?

எடுத்துவிடாதீர்கள். பாதையில் நம் கண்ணுக்கு நேரே தெரியும் ஒரே இடம் அதுதான். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது என்பதால் கிண்ணத்தின் அடியில் முத்து முத்தாக உருண்டு நிற்கும். துருப்பொடியும் அடியிலேயே செம்பட்டையாகப் படியும். ஓட்டுவதற்கு முன் ஒரு பார்வை பார்த்தால், கார்பரேட்டருக்குள் என்ன போகப்போகிறது என்பது தெரிந்துவிடும்.

கசிவுக்குப் பெரும்பாலும் காரணம் மேலேயுள்ள தக்கை வாஷர் காய்ந்து சுருங்கியிருப்பது. பெட்ரோல் தாங்கும் நைட்ரைல் அல்லது விட்டான் ரப்பரில் அதே அளவு வாஷர் போடலாம். சாதாரண சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டால் ஒரே வாரத்தில் ஊதிப்போகும். கிண்ணத்தை விரல் வலிமையால் மட்டும் இறுக்குங்கள், குறடு வேண்டாம். விளிம்பு உடைந்த பழைய கிண்ணத்துக்கு மாற்றுத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

டியூப் எது வாங்கணும்? கடையில கண்ணாடி மாதிரி டியூப் கொடுத்தாங்க.

தெளிவான பிளாஸ்டிக் டியூப் பெட்ரோல் பட்டால் சில மாதங்களில் மஞ்சளாகிக் குச்சி போல விறைத்து, முனையில் காற்றையும் கசிவையும் அனுமதிக்கும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கும், நூல் பின்னிய ரப்பர் டியூபை இருபுறமும் கிளிப் போட்டுப் பூட்டுங்கள். டியூப் மேலேறி இறங்கும்படி வளைந்திருந்தால் வளைவில் காற்று அடைத்துக்கொள்ளும். சரிவாக இறங்க வேண்டும், சைலன்சரைத் தொடக் கூடாது.

கார்பரேட்டரை எப்படிச் சுத்தம் பண்றது? வினிகர்ல ஊறப்போட்டா வெள்ளையெல்லாம் போயிரும்னு சொல்றாங்க.

முதலில் கைபேசியால் எல்லாப் பக்கமும் படமெடுங்கள், குறிப்பாக எஞ்சின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரின் கம்பியும் ஸ்பிரிங்கும் எந்தத் துளையில் மாட்டியிருக்கின்றன என்பதை. ஒரு துளை மாறினாலும் எஞ்சினின் வேகம் மாறிவிடும். அடுத்து, காற்று-எரிபொருள் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவை மெல்ல உள்ளே மூடி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணிக் குறித்துக்கொண்டு கழற்றுங்கள். பழைய அளவு தெரியாவிட்டால் ஒன்றரைச் சுற்றுத் திறப்பிலிருந்து தொடங்கலாம்.

கடலோரக் கார்பரேட்டர்களில் காணப்படும் வெள்ளைப் பொடி, அதன் அலுமினிய அல்லது துத்தநாக வார்ப்பு உப்புக் காற்றில் அரித்ததால் வந்தது. வினிகரும் எலுமிச்சை உப்பும் இரும்புக்கு ஏற்றவை. துத்தநாக வார்ப்பில் அவை பொடியோடு உலோகத்தையும் கரைக்கும். காஸ்டிக் சோடா அலுமினியத்தையே தின்னும். ஆகவே டேங்குக்குச் சொன்ன முறையை இங்கே கொண்டுவராதீர்கள். ஃப்ளோட்டையும் ரப்பர்ப் பொருட்களையும் எடுத்துவிட்டு, கார்பரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு தேய்ப்பது போதும். பிடிவாதமான பிசினுக்கு நகைக்கடைகளில் உள்ள, ஒலி அதிர்வால் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் தொட்டியில் சோப்பு நீரில் சில நிமிடம் வைத்துத் தரச் சொல்லலாம். அந்தத் தொட்டியில் பெட்ரோலை ஊற்றுவது தீவிபத்தை வரவழைப்பது.

பிறகு ஒவ்வொரு வழியாகவும் காற்றடித்து, மறுமுனையில் வருகிறதா என்று விரலால் பார்க்க வேண்டும். பஞ்சர் கடைக் காற்றை ஃப்ளோட் உள்ளே பூட்டியிருக்கும்போது டியூப் முனை வழியாக அடிக்காதீர்கள், பித்தளை ஃப்ளோட் அந்த அழுத்தத்தில் நசுங்கிவிடும். அந்தக் காற்றில் ஈரமும் இருக்கும் என்பதால் பூட்டுமுன் வெயிலில் காயவையுங்கள். பேக்கிங் பேப்பரை அளவெடுத்துப் புதிதாக வெட்டிப் போடுங்கள். பெட்ரோல் நிற்கும் இடத்தில் சிலிக்கான் பசை ஊதி நூலாகப் பிரிந்து ஜெட்டில் போய் நிற்கும்.

ஜெட் ஓட்டையில செம்புக் கம்பி விட்டுக் குத்தினா திறந்திரும்ல?

திறந்துவிடும், ஆனால் அளவு கெட்டுவிடும். ஜெட் பித்தளையால் ஆனது. அதன் துளை ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு அளவுக்குக் கணக்கிட்டுத் துளைக்கப்பட்டது. ஊசியோ இரும்புக் கம்பியோ உள்ளே ஒரு கீறல் போட்டாலும் பெட்ரோல் போகும் அளவு மாறும். செம்பு மென்மையானது என்றாலும் அதன் வெட்டுமுனை கூர்மையானது.

நம் ஊரில் இதற்கான கருவி எல்லார் வீட்டிலும் இருக்கிறது: தூண்டில் நரம்பு. துளையைவிட மெலிந்த நைலான் நரம்பு எடுத்து, ஜெட்டைக் கிளீனரில் ஊறவைத்தபின் இருபுறமும் இழுத்துவிடுங்கள். பிறகு ஜெட்டை வானத்தை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். துளை முழு வட்டமாக, விளிம்பு சுத்தமாகத் தெரிய வேண்டும். பிறை போலத் தெரிந்தால் பிசின் இன்னும் ஒரு பக்கம் ஒட்டியிருக்கிறது.

கார்பரேட்டர்ல இருந்து பெட்ரோல் ஒழுகிக்கிட்டே இருக்கு. ஊசியை மாத்தியும் நிக்கலை.

ஊசி வால்வு புதிதாக இருந்தும் நிற்கவில்லை என்றால் ஃப்ளோட்டைச் சந்தேகியுங்கள். பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே வைத்துக் குலுக்கினால், உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கும் பட்சத்தில் சலசலக்கும். ஓட்டையைக் கண்டுபிடிக்க, திறந்த வெளியில், அடுப்பிலிருந்து இறக்கிக் கொண்டுவந்த வெந்நீரில் அதை முழுக்க அமுக்குங்கள். உள்ளிருக்கும் காற்று விரிந்து, ஓட்டையிருக்கும் இடத்திலிருந்து குமிழி வரிசையாகக் கிளம்பும். உள்ளிருப்பதை முழுவதும் வெளியேற்றி, நன்றாகக் காய்ந்தபின்தான் ஈயம் வைக்க வேண்டும். ஈயம் கூடினால் ஃப்ளோட் கனத்து, கார்பரேட்டர்க் கிண்ணத்தில் எரிபொருள் மட்டம் உயர்ந்து மறுபடி ஒழுகும் என்பதால், மிகக் குறைவாக வைத்து அரத்தால் தேய்த்துவிடுங்கள்.

மிகப் பழைய எஞ்சின்களில் தக்கையால் ஆன ஃப்ளோட் இருக்கும். அதன் மேலுள்ள அரக்குப் பூச்சு எத்தனாலில் கரையும். பழைய பெட்ரோலில் பல்லாண்டு உழைத்த தக்கை, இன்றைய பெட்ரோலில் ஊறிக் கனத்து மூழ்குவதற்கு அதுவே காரணம். எப்பாக்சி பூசியோ பித்தளை ஃப்ளோட்டுக்கு மாற்றியோதான் சரிசெய்ய வேண்டும்.

ஒழுகினா என்ன, டேப்பை மூடிட்டாப் போதாதா? ஆயில் லெவல் மட்டும் கொஞ்சம் கூடியிருக்கு.

ஆயில் ஊற்றாமலே அளவு கூடியிருந்தால் அது ஆயில் அன்று. கார்பரேட்டரில் வழிந்து சிலிண்டர் வழியாகக் கீழிறங்கிய பெட்ரோலோ மண்ணெண்ணெயோதான். நீர்த்த ஆயிலில் ஓட்டினால் பேரிங் தேய்ந்துவிடும். ஓட்டாமல் முழு ஆயிலையும் மாற்றுங்கள். மேலே சொன்னபடி ஃப்ளோட்டைச் சரிசெய்த பிறகும் ஒருமுறை மாற்றுவது நல்லது. டேப்பை மூடும் பழக்கம் எப்போதும் இருக்க வேண்டியதுதான், அது பழுதுக்கு மருந்தாகாது.

பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாத்துற எஞ்சின் இது. நிறுத்தும்போது எதுல நிறுத்தணும்?

பெட்ரோலில். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது; சில நிமிடங்கள் பெட்ரோலில் ஓடிச் சூடேறிய பிறகுதான் அது எரியும். நிறுத்துவதற்குச் சற்று முன்பே டேப்பைப் பெட்ரோல் பக்கம் திருப்பி, கார்பரேட்டர்க் கிண்ணத்திலுள்ள மண்ணெண்ணெய் தீர்ந்து பெட்ரோல் வந்தபின் நிறுத்தினால், அடுத்த முறை ஓரிரு இழுப்பில் கிளம்பும். மறந்து மண்ணெண்ணெயிலேயே நிறுத்திவிட்டால், கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்து வடித்துவிட்டு, பெட்ரோல் இறங்கவிட்டு, பிளக்கைத் துடைத்துப் போடுங்கள்.

இந்த இரட்டை டேங்க் எஞ்சின்களில் மூன்று வழி டேப் தேய்ந்திருந்தால், நின்ற நிலையிலேயே ஒரு பக்கத்து எரிபொருள் மறுபக்கத்தில் கலக்கும். இரு டேங்கையும் வெவ்வேறு மட்டத்தில் நிரப்பி ஓர் இரவு வைத்து, மட்டம் மாறுகிறதா என்று பாருங்கள்.

மண்ணெண்ணெய் கிடைக்கிறதே இல்லை. பெட்ரோல்லயே ஓட்டலாமா? இல்ல டீசலைக் கலந்து ஓட்டலாமா ஐயா?

பெட்ரோலிலேயே ஓட்டலாம். மண்ணெண்ணெயின் ஆக்டேன் (அழுத்தத்தில் தானே வெடிக்காமல் தாங்கும் திறன்) குறைவு என்பதற்காகவே இவற்றின் அழுத்த விகிதத்தைக் குறைத்து வைத்திருக்கிறார்கள்; பெட்ரோலுக்கு அது எந்தத் தீங்கும் செய்யாது. செலவு கூடும் என்பதே குறை. பெட்ரோல் மண்ணெண்ணெயைவிட லேசானது என்பதால் ஃப்ளோட் அதில் சற்றுத் தாழ்ந்து மிதக்கும், கிண்ணத்தின் மட்டம் ஒரு நூல் உயரும். ஒழுகும் விளிம்பில் இருந்த கார்பரேட்டர் இதனால் ஒழுகத் தொடங்கலாம்.

டீசல் கலப்பது வேண்டாம். அது கார்பரேட்டரில் ஆவியாவதில்லை. துளியாகவே உள்ளே போய், பாதி கரியாகப் படிந்து, மீதி சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழிறங்கும்.

இப்ப வர்ற எத்தனால் பெட்ரோல் பழைய எஞ்சினைக் கெடுத்துரும்கிறது நிஜமா?

பாதி உண்மை. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது; 2025-க்குள் நாடு முழுவதும் பரவிவிட்டது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய ஜெட் அளவில் கலவை சற்று மெலிந்து எஞ்சின் சூடாக ஓடும். மிக்சர் ஸ்க்ரூ ஏர் கிளீனர்ப் பக்கம் இருந்தால் அது பெரும்பாலும் காற்றைக் கட்டுப்படுத்துவது, சிறிது உள்ளே திருப்பினால் கலவை செறிவாகும். எஞ்சின் பக்கம் இருந்தால் எரிபொருளைக் கட்டுப்படுத்துவது, வெளியே திருப்ப வேண்டும். பளு ஏற்றும்போது திணறினால் மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கலாம்.

ஜெட் மாற்றத்தை விடக் கவனிக்க வேண்டியது ஈரம். எத்தனால் நீரை ஈர்க்கும். பாதி நிரம்பிய டேங்க் பகலில் சூடாகி ஆவியை வெளியே விட்டு, இரவில் ஈரமான கடற்காற்றை உள்ளே இழுக்கும். நீர் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். டேப் எடுப்பது அடியிலிருந்துதான். தொடர்ந்து ஓடும் எஞ்சினுக்கு இது தொல்லையில்லை. மாதக்கணக்கில் நிற்கும் எஞ்சினுக்குத்தான்.

அப்ப பெட்ரோல்ல தண்ணியை ஊத்திக் குலுக்கி எத்தனாலைப் பிரிச்சு எடுத்துட்டா?

சோதனைக்குச் செய்யலாம். அளவுக் கோடிட்ட கண்ணாடிக் குழாயில் 90 மில்லி பெட்ரோலும் 10 மில்லி தண்ணீரும் விட்டுக் குலுக்கி வைத்தால், அடியிலுள்ள அடுக்கு 10-ஐத் தாண்டி எவ்வளவு உயர்கிறதோ அது ஏறக்குறைய எத்தனாலின் அளவு. எஞ்சினுக்கு ஊற்றுவதற்காகக் கேன் கணக்கில் செய்வதை நான் ஏற்கவில்லை. எத்தனாலோடு ஆக்டேனும் இறங்கும், ஈரம் மிச்சமிருக்கும், திறந்த பாத்திரத்தில் இவ்வளவு பெட்ரோலைப் புரட்டுவதன் தீ ஆபத்து வேறு. புதுப் பெட்ரோலை வேண்டிய அளவு மட்டும் வாங்கி ஓட்டித் தீர்ப்பதே எளிது.

எல்லாம் சுத்தம் பண்ணியாச்சு. பத்து நிமிஷம் ஓடி நின்னுருது. கொஞ்ச நேரம் கழிச்சு இழுத்தா மறுபடி ஓடுது.

நின்றவுடன் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. எரிபொருள் இறங்கும் அளவுக்குக் காற்று உள்ளே வராததால் ஓட்டம் நிற்கிறது. நிறுத்தி வைத்தால் மெல்லக் காற்று புகுந்து மறுபடி ஓடுகிறது. கச்சான் காற்றில் பறக்கும் மணலும் உப்பும் இந்தத் துளையை அடைப்பது வழக்கம். குளவி மண் வைத்து அடைத்ததையும் பார்த்திருக்கிறேன்.

மூடி சரியென்றால், கார்பரேட்டர்ப் பக்கத்து டியூபைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் கொட்டிச் சிறிது நேரத்தில் சொட்டாகக் குறைந்தால், டேப்பின் மேல் நிற்கும் சல்லடை அடைபடுகிறது. இந்தச் சோதனையை எஞ்சின் ஆறியபின் செய்யுங்கள்.

எஞ்சின் ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஓடுது. கவர்னர் போச்சா?

கவர்னரைத் தொடுமுன், காற்று வரும் வழியை அடைக்கும் சோக்கைச் சிறிது மூடிப் பாருங்கள். மூடியதும் சீராக ஓடினால் கலவை மெலிந்திருக்கிறது. அடைபட்ட ஜெட்டோ, கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையே காற்றுக் கசிவோ காரணம். அந்த இணைப்பில் எண்ணெய்க் கேனால் சில துளி ஆயில் விட்டால், கசிவிருக்கும் இடத்தில் ஓட்டம் சட்டென மாறும். பழைய கார்பரேட்டர்களில், எஞ்சினோடு பூட்டும் காது வளைந்திருக்கும். தட்டையான கண்ணாடியின் மேல் எமரி தாள் விரித்து, முகத்தைத் தேய்த்துச் சமப்படுத்தலாம். சோக் மூடியும் மாற்றமில்லை என்றால், கழற்றுமுன் எடுத்த படத்தைப் பார்த்து ஸ்பிரிங் மாட்டிய துளையைச் சரிபாருங்கள்.

மழை மாசத்துல தண்ணி இறைக்க வேலையே இல்லை. எப்படி வைக்கிறது?

ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும் என்றால் டேப்பை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டி, கார்பரேட்டர்க் கிண்ணத்தின் அடித் திருகையும் திறந்து மீதியை வடித்துவிடுங்கள். டேங்கை முழுவதும் காலி செய்து, துரு பற்றிய பதிலில் சொன்ன எண்ணெய்ப் பூச்சைக் கொடுத்து வைப்பதே நம் கடலோரத்துக்கு ஏற்றது. டேங்கை நிரப்பி வைத்தால் துரு வராது என்பது எத்தனால் இல்லாத காலத்து அறிவுரை. வாடைக்காற்று மாதங்களில் பிளாஸ்டிக் தாள் கொண்டு இறுக மூடினால் ஈரம் உள்ளேயே வியர்க்கும். துணியோ சாக்கோ போட்டு, தரையிலிருந்து பலகையின் மேல் தூக்கி வையுங்கள்.

வள்ளத்துல இருக்கிற சின்ன டீசல் எஞ்சினுக்கும் இதே வேலைதானா?

டேங்க், டியூப், தண்ணீர் வடிப்பது வரை இதே வேலைதான். அதற்கு மேல் வேறு. டீசலில் கார்பரேட்டர் இல்லை. பம்பும் டீசலைத் தெளிக்கும் நாசிலும் உண்டு, அவற்றை வீட்டில் பிரிக்கக் கூடாது. ஃபில்டர் மாற்றியபின் காற்றடைப்பு எடுப்பது மட்டும் நாமே செய்யலாம்: ஃபில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, குமிழியில்லாமல் டீசல் வரும்வரை விட்டு இறுக்க வேண்டும். நாசிலைக் கழற்றித் தெளிப்பைப் பார்க்கிறேன் என்று அதன் முன்னே கையை நீட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளியாகத்தான் தெரியும், ஆனாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது.